படிப்பதற்கு முன்பே டாக்டர்

எங்கள் கிராமத்துக் கிளினிக்கில் தொலைபேசி எடுக்கப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். தெற்கேயிருந்து வந்தவள். சேர்ந்த வாரமே அவளுக்கு ஒரு மனக்குறை. அவள் ஊரில் டாக்டரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயோ போனை எடுத்தால், "யோரீன் இருக்காளா? முழங்கால காட்டணும்" என்கிறார் ஒருவர். "யோரீன்கிட்ட சொல்லு, மாத்திரை தீந்துபோச்சு" என்கிறார் இன்னொருவர். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டரை மரியாதைக்குக்கூட ஒரு தடவை டாக்டர் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று அவள் யோரீனிடமே கேட்டுவிட்டாள்.

யோரீன் சிரித்தாள். "எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எப்பவோ சொல்லி முடிச்சுட்டாங்க" என்றாள்.

வெளியூர்ப் பெண்ணுக்கு அது புரியவில்லை. ஜெர்மன் எல்லையை ஒட்டிய எங்கள் ட்வென்ட்டே பக்கத்து ஆட்களுக்குப் புரியும்.

யோரீன் வெசலிங்க் மருத்துவம் படித்த ஆறு வருஷத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உடற்கூறியலில் ஒரு தடவை தோற்றாள். பிரசவ வார்டில் முதல் குழந்தையைக் கையில் வாங்கியபோது பெற்றவளைவிட அதிகம் அழுதாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு கடைக்குப் போய் அசடு வழிந்தாள். எல்லாரும் படிப்பது போலத்தான் படித்தாள். உள்ளே போய்விட்டால் எப்படியும் வெளியே வந்துவிடலாம். உள்ளே போவதற்குத்தான் அவள் படாத பாடு பட்டாள்.

அந்த நாளில் மருத்துவப் படிப்புக்கு இடம் குலுக்கலில்தான் கிடைத்தது. பள்ளி இறுதித் தேர்வில் பத்துக்கு எட்டு சராசரி வாங்கியவர்கள் நேரே உள்ளே போய்விடுவார்கள். மற்றவர்களின் பெயர் குலுக்கலுக்குப் போகும். மதிப்பெண் கூடினால் அதிர்ஷ்டமும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மூன்று வருஷம் முயன்று பார்க்கலாம். மூன்றிலும் பெயர் வராவிட்டால் வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். யோரீனுக்கு எட்டுக்குச் சற்றே குறைச்சல். பிரெஞ்சுப் பாடம் காலை வாரிவிட்டது. இதயத்துடிப்புக் கேட்கப் போகிறவளுக்கு பிரெஞ்சு இலக்கணம் எதற்கு என்று அவள் அப்பா பென்னி இன்றைக்கும் பொருமுவார்.

பென்னி பால்மாடு வைத்திருப்பவர். சின்ன வயதிலிருந்தே யோரீன் கன்று ஈனும் பசுவின் பக்கத்தில் பயமில்லாமல் நிற்பாள். அதைப் பார்த்து ஊரே அவளை மாட்டு டாக்டராக்கத் தயாராக இருந்தது. அவளுக்கு அதில் இஷ்டமில்லை. பசு எதையும் சொல்லாது, வாயைத் திறந்து பேசுகிறவர்கள்தான் வேண்டும் என்பாள். அதற்கேற்ற வாயும் அவளுக்கு இருந்தது. தபால்காரர் நொண்டிக்கொண்டு வந்தால் எந்தக் கால், எப்போதிலிருந்து, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டு முடித்த பிறகுதான் தபாலை வாங்குவாள்.

பள்ளி இறுதித் தேர்வில் தேறிய ஜூன் மாதம், எங்கள் நாட்டு வழக்கப்படி பென்னி வீட்டு வாசலில் கொடியை ஏற்றினார். கம்பத்தின் நுனியில் யோரீனின் பழைய பழுப்புப் புத்தகப்பையைத் தொங்கவிட்டார். எந்த வீட்டில் பிள்ளை தேறியது என்று தெரு முழுக்க அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஜூலையில் குலுக்கல் நடந்தது. யோரீன் பெயர் வரவில்லை. கொடி ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஆகவே அந்தத் தோல்வி வீட்டோடு போயிற்று. அம்மா டீனி அவளுக்குப் பிடித்த பான்கேக் சுட்டுப் போட்டாள். இலையுதிர்காலத்தில் யோரீன் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப் போனாள். மருத்துவ மாணவர்களும் அங்கேதான் படித்தார்கள். ஒரே கான்டீனில் ஒரே சூப்பைக் குடித்துக்கொண்டு அவர்கள் எலும்புகளின் பெயரை ஒப்பிப்பார்கள். அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து புல்வெளிப் பூச்சிகளைப் பற்றிப் படிப்பாள். சனிக்கிழமை அழுக்குத்துணி மூட்டையோடு ரயிலேறி வீட்டுக்கு வந்தால், பூச்சி எப்படி இருக்கிறது என்று அப்பா விசாரிப்பார். நன்றாக இருப்பதாகச் சொல்வாள்.

விவகாரம் இரண்டாவது ஜூலையில்தான் வந்தது.

அந்தக் கோடையில் யோரீன், விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் இடத்தில் கழிப்பறை கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குலுக்கல் முடிவு வரும் நாளன்று மதியம், அங்கே அலுவலகத்திலிருந்த கணினியில் பார்த்தாள். இந்தத் தடவையும் இல்லை. வீட்டுக்கு போன் செய்து சொல்ல மனம் வரவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று மிச்சக் கழிப்பறைகளையும் கழுவி முடித்துவிட்டு, சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு கிளம்பினாள்.

பென்னிக்கோ பொறுமை இல்லை. அவர் வீட்டிலும் ஒரு கணினி இருந்தது. கன்று பிறந்தால் காதில் தோடு மாட்டி, அதன் எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டால் அந்த வரி பச்சையாகும், தவறிருந்தால் சிவப்பாகும். அவருக்குத் தெரிந்த கணினி அவ்வளவுதான். தொலைபேசிக்குப் பக்கத்தில் மகள் எழுதி ஒட்டியிருந்த கடவுச்சொல்லைத் தட்டி, முடிவு வரும் பக்கத்துக்குள் போனார். முதல் வரி பச்சையாக இருந்தது. அவர் கணக்குப்படி கன்று பதிந்தாயிற்று. பென்னி எழுந்துவிட்டார்.

அந்த முதல் வரி உயிரியல் படிப்பு. அடுத்த வருஷத்துக்கும் பதிவு ஆகிவிட்டது என்ற செய்தி. மருத்துவத்துக்கான வரி அதற்குக் கீழே, திரைக்கு வெளியே சிவப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாட்டுக்காரர்கள் கீழே இறக்கிப் பார்ப்பதில்லை.

பரணிலிருந்து கொடி வந்தது. பழுப்புப் பையும் வந்தது. கம்பத்தில் இரண்டும் ஏறின.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கொடி ஏறிவிட்டால் அக்கம்பக்கத்துக்காரர்கள் கூப்பிடக் காத்திருக்க மாட்டார்கள். அவர்களை நாங்கள் நோபர் என்போம். பிறப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் நோபர்கள் வந்துதான் ஆக வேண்டும். வெசலிங்க் வீட்டுக்கு முதல் நோபர் அடுத்த பண்ணை ஹெர்மன். குண்டு மனிதர், உரத்த குரல். சிரிக்க ஏதாவது கிடைத்தால் பால் கறப்பதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர். அவர் மனைவி ட்ரூஸ். யாருடைய கல்யாண வெள்ளிவிழாவுக்கோ கட்டிய அலங்கார வளைவு அவர்கள் களஞ்சியத்தில் கிடந்தது. பைன் கிளை சுற்றி, காகித ரோஜா கட்டி, உச்சியில் 25 என்று எழுதியது. ஹெர்மன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வெசலிங்க் வாசலில் நட்டார். 25-ஐப் பிடுங்க நேரமில்லை. அதற்குக் கீழே ஒரு பலகையில் சிவப்புப் பெயிண்டால் "எங்கள் டாக்டர்" என்று எழுதி அடித்தார். பீர் வந்தது, பாலாடைக்கட்டித் துண்டும் கடுகும் வந்தன, உலர்ந்த சாசேஜ் வந்தது. தெருவே தோட்டத்தில் கூடிவிட்டது.

யோரீன் தூரத்திலேயே கொடியைப் பார்த்தாள். யாரோ மறுதேர்வில் தேறிவிட்டார்கள், நல்லது என்று நினைத்தாள். நெருங்க நெருங்கத்தான் அந்தப் பையை எங்கேயோ பார்த்தது போலிருந்தது. பிறகு வளைவு தெரிந்தது. பிறகு அவளைப் பார்த்த கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. முன்னால் அப்பா நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோட்டு, காலில் தொழுவத்துக் கட்டைச் செருப்பு. இரண்டுக்கும் இடையில் முகம் மலர்ந்து போயிருந்தது.

யோரீன் சைக்கிளிலிருந்து இறங்கினாள். கையில் இன்னும் கழிப்பறை மருந்து வாசனை. எல்லாரும் கைகொடுக்க வந்தார்கள். கைகொடுக்காமல் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, என் பேரு வரலப்பா."

"பச்சையா இருந்துச்சே."

"அது பூச்சிப் படிப்பு. கீழ பாத்தீங்களா?"

தோட்டம் ஓய்ந்துவிட்டது. சாசேஜ் மென்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் யோரீன் வளைவைப் பார்த்தாள். தன்னைவிட அவருக்காகத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் கொடிக்கம்பத்தின் பக்கம் போனார், பையை இறக்க.

"விடுய்யா பென்னி, அது அங்கயே இருக்கட்டும்" என்றார் ஹெர்மன். "பீரத் திறந்தாச்சு. திறந்த பீர மறுபடி மூட முடியுமா? டாக்டரம்மா, வந்து உக்காருங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். கடைசியில் யோரீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்தாள். டாக்டராகாத பெண்ணுக்காக அன்று நடந்த விருந்து போல நிஜமாகவே டாக்டரானவருக்குக்கூட எங்கள் ஊரில் நடந்ததில்லை. ட்ரூஸ் பாடினாள். பென்னி மட்டும் கோட்டைக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

வளைவு நின்றது. நட்ட வளைவை வீட்டுக்காரர்கள் பிடுங்கக்கூடாது. நோபர்கள்தான் வந்து பிடுங்க வேண்டும், அதற்கு முறை இருக்கிறது, வாரம் கழிய வேண்டும் என்றார் ஹெர்மன். அந்த வாரம் முழுக்க போகிற வருகிற கார்க்காரர்கள் வேகத்தைக் குறைத்து, கையசைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்தைந்து வருஷம் டாக்டராக இருந்தவர் யார் என்று ஒரு ஜெர்மன்காரர் இறங்கி வந்து கேட்டார்.

வளைவு போயிற்று, பெயர் போகவில்லை. எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் ஒட்டினால் கல்லறை வரைக்கும் வரும். சைக்கிளோடு ஒரு தடவை கால்வாயில் விழுந்தவர் நீச்சல்கார யான். அவர் மகன் இன்றைக்கும் நீச்சல்காரர் மகன்தான். அவனுக்கோ தண்ணீரைக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்ட ஊரில் யோரீன் டாக்டரம்மா ஆனாள். பென்னி டாக்டரப்பா ஆனார். அவர்கள் வீட்டுப் பசுக்கள்கூட டாக்டர் வீட்டுப் பசுக்கள் ஆயின. சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனால் பேக்கரிக்கார ரியா, "ரெண்டு வெள்ளை ரொட்டிங்களா டாக்டரம்மா?" என்பாள். ஒரு தடவைகூட மறக்க மாட்டாள்.

இனி ஒரே ஒரு குலுக்கல்தான் பாக்கி. அதிலும் பெயர் வராவிட்டால் இடம் போய்விடும், பட்டப்பெயர் மட்டும் தங்கிவிடும். எழுபது வயதில் கைத்தடியோடு ரொட்டி வாங்கப் போனாலும் டாக்டரம்மாவாகத்தான் போக வேண்டும். வேறு ஊருக்குக் குடிபோய்விடலாமா என்றுகூட யோரீன் யோசித்தாள்.

இதில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. கேலிக்கு டாக்டரம்மா என்றவர்கள், கேலிக்கே நோயும் சொல்ல ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே இடுப்பைக் காட்டுவார்கள். அவள் வழக்கம்போல எப்போதிலிருந்து, குனிந்தாலா நிமிர்ந்தாலா என்று கேட்பாள். கேட்கக் கேட்க அவர்கள் சிரிப்பு குறையும், பேச்சு நீளும். கடைசியில், "நான் பூச்சி படிக்கிறவ, நிஜ டாக்டரப் போய்ப் பாருங்க" என்று அனுப்பிவைப்பாள். அதிசயம் என்னவென்றால் போனார்கள். பத்து வருஷமாகப் போகாதவர்களும் போனார்கள்.

செப்டம்பரில் ஒருநாள் ஹெர்மன் வேலிக்கு அப்பாலிருந்து காற்சட்டையைச் சுருட்டிக் காட்டினார். "டாக்டரம்மா, மாடு முத்திரை குத்திருச்சு" என்றார். கெண்டைக்காலில் சிவப்பு வளையம் ஒன்று இருந்தது. யோரீன் சிரிக்கவில்லை. போன பருவம் முழுக்க அவள் படித்ததே உண்ணியைப் பற்றித்தான். அந்த வளையம் எந்தப் பூச்சியின் கையெழுத்து என்று தெரிந்தது. காட்டுக்குப் போனீர்களா, விறகு வெட்டினீர்களா, வளையம் பெரிதாகிறதா என்று கேட்டாள். நாளைக்குப் போகிறேன் என்றவரை, இன்றைக்கே போகாவிட்டால் ட்ரூஸிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிக் கிளப்பினாள். உண்ணிக்கடிதான். மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. பெரிய சாதனை ஒன்றுமில்லை, எங்கள் காட்டோரத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்த சமாசாரம். ஆனால் ஹெர்மன் சும்மா இருப்பாரா? மதுக்கடையில் மேசை மேசையாகப் போய்க் காலைக் காட்டினார். பட்டப்பெயர் இன்னும் இறுகிப்போயிற்று.

ஹெர்மனைக் கிளப்பி அனுப்பிய அன்று மாலை ரயிலில் யோரீன் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். கேள்வி கேட்டபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசியில் இன்னொருவரிடம் அனுப்பியபோது எவ்வளவு ஏக்கமாக இருந்தது. இது ஒன்றைத் தவிர வேறெதுவும் தனக்கு வேண்டாம் என்று அவளுக்கு அன்றுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது. தெரிந்ததனால் பயம் இரட்டிப்பாயிற்று.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் துணிந்து ஹெர்மனிடம் கேட்டுவிட்டாள்.

"மாமா, அந்தப் பேர விட்டுருங்களேன். வரலன்னா நான் தாங்க மாட்டேன்."

"ஒட்டுனது ஒட்டுனதுதான் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வைக்கோலை இழுத்துப் போட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக்கூட அந்த வீட்டுக்குப் போகவில்லை. ட்ரூஸ் பொரித்த ஆப்பிள் பணியாரங்களை ஒரு தட்டில் வைத்து வேலி வழியாகக் கொடுத்தனுப்பினாள். யோரீன் பணியாரத்தைத் தின்றாள், கோபத்தை விடவில்லை.

மூன்றாவது ஜூலை வந்தது. முடிவு வரும் நாளில் கணினி இருக்கும் அறைக்குள் காலே வைப்பதில்லை என்று பென்னி சத்தியம் செய்திருந்தார். விடிகாலையில் ஒரு பசு கன்று ஈன்றது. அதைப் பதிய முடியாமல் வாசற்படியிலேயே நின்று தவித்தார். வெளியே ஹெர்மன், உடையாத வேலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ட்ரூஸ் நேற்றே பறித்து முடித்த அவரைப் பந்தலில் இன்னும் எதையோ பறித்துக்கொண்டிருந்தாள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக யாரும் பார்க்காமல் இருந்ததே விசித்திரம்.

யோரீன் உட்கார்ந்தாள். முதல் வரி பச்சை. அது பூச்சி. விரலால் மெல்லக் கீழே இறக்கினாள். மருத்துவம் என்ற வரி வந்தது. பச்சையாக இருந்தது. அவள் அதை நம்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். டீனி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, சத்தமாகப் படித்தாள். இடம் ஒதுக்கப்பட்டது. குரோனிங்கன். படித்து முடித்ததும் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கலரு?" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"பச்சைதான்பா."

"கடைசி வரைக்கும் எறக்கிப் பாத்தியா?"

"பாத்தாச்சு. இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

பென்னி மூக்கை உறிஞ்சினார். அப்புறம் கன்றைப் பார்க்க வேண்டும் என்று ஏதோ முனகிக்கொண்டு வெளியே போய்விட்டார். கட்டிப்பிடிக்கிற குடும்பமில்லை அது. ஆனாலும் யோரீனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கொடியை ஏற்றுங்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை. போன வருஷம் அவர் பட்டது போதும் என்று தோன்றியது. ஆட்கள் வரலாம், ரொட்டி வாங்கி வா என்று அம்மா விரட்டினாள்.

பேக்கரிக்குப் போகும் வழியெல்லாம் இந்தச் செய்தியை ரியாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். இனிமேல் நீங்கள் கூப்பிடலாம், பொய்யில்லை என்று கெத்தாகச் சொல்ல வேண்டும். கடைக்குள் நுழைந்தாள். ரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு வெள்ளை ரொட்டியா, யோரீன்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் யோரீனுக்கு மறந்துபோயிற்று. ரியா ரொட்டியை நறுக்கிப் பையில் போட்டாள். கேட்காமலே ஒரு பெரிய உலர்திராட்சை ரொட்டியையும் சேர்த்துப் போட்டாள். திரும்பி வரும் வழியில் டிராக்டர்காரர் கையை உயர்த்தி, "யோரீன்" என்றார். நீச்சல்காரர் மகன் "யோரீன்" என்றான். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே "போயிட்டு வா யோரீன்" என்றார். இவள் பேக்கரிக்கு வந்து சேர்வதற்குள் ட்ரூஸ் தொலைபேசியில் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள் போலிருக்கிறது. அது சரி. ஆனால் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் ஏன் வரவில்லை? ஒரு வருஷமாக எது போனால் போதும் என்றிருந்தாளோ, அது போனதும் நெஞ்சில் ஏதோ குறைந்தாற்போல இருந்தது.

வீட்டு முனையில் திரும்பியபோது கொடி பறந்துகொண்டிருந்தது. நுனியில் பழுப்புப் பை ஆடியது. கீழே பென்னி, கன்றைப் பார்க்கப் போனவர், கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். வாசலில் ஏணி போட்டு ஹெர்மன் வளைவை நட்டுக்கொண்டிருந்தார். அதே வளைவு. காகித ரோஜாக்கள் களஞ்சியத்தில் கிடந்து வெளுத்திருந்தன. அதே 25, அதே பலகை. ஒரு வருஷமாகத் தூக்கியெறியாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

யோரீன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஏணியடியில் போய் நின்றாள்.

"மாமா, இன்னைக்கு ஒருத்தர்கூட என்னை டாக்டரம்மான்னு கூப்பிடலயே. ஏன்?"

ஹெர்மன் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். அவர் முகத்தில் கேலியைக் காணோம்.

"நீ ஆகாம இருந்தப்ப யாராவது சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியிருந்துச்சு. இல்லன்னா நீயே மறந்துட்டா என்ன பண்றது? இனிமே எங்களுக்கு அந்த வேலை இல்ல. நீ பாத்துக்க." ஆணிகளைத் திரும்ப வாயில் வைக்கப் போனவர் நிறுத்தினார். "ஏணியக் கொஞ்சம் புடி யோரீன், ஆடுது."

யோரீன் ரொட்டிப் பையைப் புல்லில் வைத்துவிட்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.